காப்பகத்திலிருந்து மனநல வார்டு வரை: ஒரு மெமோவுக்காக அலைந்த கதை

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும், காப்பகத்தில் இருக்கும் ஆதரவற்ற ஒருவரை மனநலச் சிகிச்சைக்குச் சேர்க்கப் போனால், "மாஜிஸ்திரேட் ஆர்டர் எங்கே?" என்ற பழைய சட்டத்துக் கேள்விதான் இன்றும் முதலில் வந்து விழுகிறது. தமிழகத்தின் ஒரு மாநகராட்சியில், பெண்களுக்கான வீடற்றோர் காப்பகத்தில் நெருக்கடிநிலைகளைக் கையாளும் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அண்மையில் ஒரு சேர்க்கைக்காக நான் பட்ட பாடு இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தெலுங்கு மட்டுமே பேசுவார். சோற்றில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று சில நாட்களாகச் சாப்பிடாமலும் உறங்காமலும் இருந்தவர், அன்று இரவு துணிமூட்டையோடு மொட்டைமாடிச் சுவரோரம் போய் நின்றுகொண்டு, கிட்டே வந்தால் குதித்துவிடுவேன் என்றார். வேடிக்கை பார்த்தவர்களைக் கீழே அனுப்பிவிட்டு, தெலுங்கு தெரிந்த சமையல்கார அக்காவை மட்டும் உடன் வைத்துக்கொண்டு, எட்டத்திலேயே தரையில் உட்கார்ந்தோம். இத்தகைய நேரங்களில் மூட்டையைத் தொடவே கூடாது. அதை வாங்கி ஓரமாக வைக்கப் போய்க் கைகலப்பில் முடிந்த சம்பவங்கள் எங்கள் காப்பகத்திலேயே உண்டு. வெகுநேரம் கழித்து, அக்கா டம்ளரிலிருந்து ஒரு வாய் டீயைக் குடித்துக் காட்டி, மீதியைத் தரையில் நகர்த்தி வைத்த பிறகே அவர் அதை எடுத்துக் குடித்தார். பிறகு தானாகவே கீழே வந்தார்.

மாடியிலிருந்து இறக்கியதைவிட, மருத்துவமனைக்குக் கொடுக்க காவல் நிலையத்தில் மெமோ என்ற ஒரு தாளை வாங்கியதுதான் பெரும்பாடு. 108 ஊழியர்கள் வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். ஆனால் வர மறுப்பவரைப் போலீஸ் இல்லாமல் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் நிலையில் அது நியாயம்தான். நிலையத்திலோ ரைட்டர் (நிலைய எழுத்தர்) நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க ஹோம்லதானே மேடம் இருக்காங்க, ரோட்டுல திரியலையே, நாங்க எப்படி எடுக்கிறது?" என்றார். சிறிது நேரத்தில் அந்த வாதமும் மாறியது: அந்த அம்மாவை முதலில் கண்டெடுத்தது பேருந்து நிலையத்தில் என்பதால், அந்த எல்லைக்குரிய நிலையத்துக்குத்தான் போக வேண்டுமாம். அதற்கும் பதில் சொன்ன பிறகு, மகளிர் போலீஸ் காலையில்தான் வருவார்கள் என்றார்கள்.

இந்த இடத்தில்தான் சட்டத்தின் 100-ஆம் பிரிவைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதில் காவல் துறையின் கடமை இரண்டு வகையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் தெருவில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது முதலாவது. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவர் என்று நம்பக் காரணமுள்ள எவரையும், அவர் தம் நிலைய எல்லைக்குள் எங்கே இருந்தாலும், பாதுகாப்பில் எடுப்பது இரண்டாவது. நமக்குப் பெரும்பாலும் பொருந்துவது இந்த இரண்டாவதே. ஆனால் நிலையங்களில் முதலாவதை மட்டுமே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அப்படி எடுத்தவரை இயன்ற அளவு விரைவாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவ நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. பையிலிருந்த இந்தப் பிரிவின் ஜெராக்ஸை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன். அவர் பொறுமையாக இரண்டு முறை படித்துவிட்டு, ரைட்டரைக் கூப்பிட்டு, "மெமோ போடுப்பா" என்றார். ரோந்துக்குப் போயிருந்த ஒரு பெண் காவலரும் அதற்குப் பிறகு அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்!

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அந்த மெமோவே காலை வாரியது. "சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறார்" என்ற ஒற்றை வரிதான் அதில் இருந்தது. சட்டப் பிரிவும் நிலைய முத்திரையும் இல்லை. உறவினர் எவரும் தெரியவில்லை என்ற குறிப்பும் இல்லை. பணியிலிருந்த மருத்துவர் இது செல்லாது, மாஜிஸ்திரேட் ஆர்டரும் ஆதார் நகலும் வேண்டும் என்றார். அந்த அம்மாவையும் அக்காவையும் பெண் காவலரோடு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மெமோவைத் திருத்தி வாங்க மீண்டும் நிலையத்துக்கு ஓடினேன். ஆகவே, மெமோவை வாங்கியவுடன் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்: மருத்துவ அலுவலருக்கு என்று முகவரியிட்டிருக்க வேண்டும், 100-ஆம் பிரிவு, பாதுகாப்பில் எடுத்த நேரம், இடம், அதற்கான காரணம், கையெழுத்து, முத்திரை அனைத்தும் இருக்க வேண்டும். 102-ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் ஆணையோடு வருவது வேறொரு வழி. காவல் துறை நேரடியாக அழைத்து வரும்போது அந்த ஆணை தேவையே இல்லை. ஆதார் அட்டை இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கவும் இச்சட்டத்தில் இடமில்லை.

ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். சிறுநீர்த் தொற்றும் சர்க்கரைக் குறைவும் வயதானவர்களைத் தாறுமாறாகப் பேசவைக்கும் என்பதைக் காப்பகத்தில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். அதைச் சரிபார்க்காமல் மனநலப் பிரிவுக்குப் போனால் அங்கிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து, "அட்டெண்டர் யார், கையெழுத்து யார் போடுவது?" என்ற கேள்வி வந்தது. உறவினர் இல்லாதவருக்கு, மனநலத் துறையில் பணியாற்றும் பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவரை நியமனப் பிரதிநிதியின் (நோயாளியின் சார்பில் சிகிச்சை முடிவுகளில் துணை நிற்பவரின்) கடமைகளைத் தற்காலிகமாகச் செய்ய மனநல நிபுணரே ஏற்கலாம் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. எங்களுக்குத் தெரிந்த அப்படியொரு அமைப்பின் ஊழியரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அமைப்பின் பதிவுச் சான்றோடு வரவழைத்தேன். இரவு முழுவதும் உடனிருக்க ஆள் வேண்டும் என்று செவிலியர் கண்டிப்பாகச் சொன்னதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அக்காதான் இருந்தார், காலையில் காப்பகத்தில் இட்லி இல்லை, கடையில் வாங்கிய பன் மட்டுமே. காப்பகங்களுக்கு ஒதுக்கப்படும் பணியாளர் எண்ணிக்கையில் இத்தகைய இரவுகளை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

மறுநாள் மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்து, 89-ஆம் பிரிவின்கீழ் ஆதரவுடன் கூடிய சேர்க்கையாக, அதாவது நியமனப் பிரதிநிதி கேட்டுக்கொண்டதன் பேரிலான சேர்க்கையாகப் பதிவு செய்தார்கள். இதன் வரம்பு முப்பது நாட்கள். மனநல மருத்துவர் என் ஜெராக்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, அவசரப் பிரிவில் ஒட்டிவைக்க ஒரு பிரதி கேட்டபோது, முந்தைய இரவின் எரிச்சலில் பாதி அடங்கியது.

மீதிப் பாதி எப்.ஐ.ஆர். தொடர்பானது. மனநோயுள்ளவர் வீடற்றவராகவோ திரிபவராகவோ இருந்தால், காணாமல் போனவர் என்ற வகையில் வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டியது நிலையத்தின் கடமை என்று அதே 100-ஆம் பிரிவு சொல்கிறது. எங்களுக்குக் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான சீட்டு) மட்டுமே. "காப்பகத்தில் இருப்பவர் எப்படிக் காணாமல் போனவர்?" என்று அதே ரைட்டர் மறுபடியும் கேட்கிறார். பேருந்து நிலையத்தில் கண்டெடுத்த தேதியையும் அந்த அம்மா சொன்ன ஊர்ப் பெயரையும் குறிப்பிட்டு, காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை.

அந்த அம்மா இப்போது காப்பகத்துக்குத் திரும்பிவிட்டார். டிஸ்சார்ஜ் செய்யும் முன் போனில் தெரிவிக்கும்படி வார்டு பதிவேட்டில் காப்பகத்தின் எண்ணை எழுதிவைத்துவிட்டு வந்ததால், மாத்திரையும் அடுத்த ஓ.பி. தேதியும் இல்லாத வெறும் சீட்டோடு அவர் வாசலில் வந்து நிற்க வேண்டிய நிலை இம்முறை ஏற்படவில்லை.