இண்டக்ஷன் அடுப்பில் மீண்டும் எரிந்த ஐ.ஜி.பி.டி.

உறவினர் வீட்டு 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்று, கடையில் ஐ.ஜி.பி.டி. (காயிலுக்கான மின்சாரத்தை மிக வேகமாகத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்) மாற்றி வாங்கிய சில வாரங்களிலேயே மறுபடியும் நின்றுபோய் என்னிடம் வந்தது. சமைத்துக்கொண்டிருந்தபோது எம்.சி.பி. (வீட்டு மின்பாதுகாப்புச் சுவிட்ச்) விழுந்ததாகவும், அதன்பின் அடுப்பில் விளக்கோ பீப் ஒலியோ இல்லை என்றும் சொன்னார்கள். புதிதாகப் போட்ட உதிரிபாகம் இவ்வளவு விரைவில் எரிகிறது என்றால், அதை எரிக்கும் வேறொன்று பலகையிலேயே இருக்கிறது என்று கொண்டு, அதைக் கண்டுபிடிக்கும் வரை புதிய ஐ.ஜி.பி.டி.யைப் பொருத்துவதில்லை என்று முடிவு செய்தேன்.

அடியிலுள்ள திருகுகளைக் கழற்றியதும் தெரிந்தவை தூசியும் கரப்பான் பூச்சியின் எச்சங்களும்தான். விசிறிக்காக விடப்பட்டிருக்கும் துளைகள் வழியாக, வெதுவெதுப்பை நாடி அவை உள்ளே குடியேறுவது நம் ஊர்ச் சமையலறைகளில் வழக்கமானதே; அவற்றின் கழிவு பலகையில் படிந்து மின்கசிவுக்கு வழிவகுக்கும். பெயிண்ட் பிரஷ்ஷாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் பலகையைச் சுத்தம் செய்த பிறகே மல்டிமீட்டரை எடுத்தேன். 230 வோல்ட் மாறுமின்சாரம் பிரிட்ஜ் ரெக்டிஃபையரைக் கடந்தபின் உச்சத்தில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது 5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், ஒரு மின்தடையின் வழியாக அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பீங்கான் ஃபியூஸ் உள்ளே கருகியிருந்தது. பாத்திரத்தைச் சூடாக்கும் காந்தப்புலத்தை உருவாக்கும் கம்பிச்சுருளான காயிலின் மின்தடை மிகக் குறைவு என்பதால், அது இணைந்திருக்கும்போது அளந்தால் கோளாறு பிரிட்ஜிலா ஐ.ஜி.பி.டி.யிலா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே இரண்டையும் பலகையிலிருந்து கழற்றி அளந்தேன். ஐ.ஜி.பி.டி.யின் மூன்று கால்களும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருந்தன. பிரிட்ஜிலும் ஒரு டையோடு போயிருந்தது. கடைக்காரர் பார்த்திருக்கக்கூடிய இடம் இதுவரைதான்.

ஐ.ஜி.பி.டி.யை எரிக்கக்கூடியவற்றை அடுத்துப் பார்த்தேன். பாத்திரத்தின் வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டர் 25 டிகிரியில் 100 கிலோ ஓம் காட்டி, சூடு ஏற ஏறக் குறைய வேண்டிய வகை. எங்கள் அறைச் சூட்டில் சுமார் 75 காட்டி, விரல்களுக்கிடையில் பிடித்தபோது சீராக இறங்கியது. மின்னழுத்தத்தை உணரும் உயர்மதிப்பு மின்தடைகளும் சரியாகவே இருந்தன. பிறகு காயிலுக்கு இணையாக நிற்கும் ஒத்ததிர்வுக் கெபாசிட்டரைக் கழற்றினேன். மேலே 0.3 மைக்ரோஃபாரட், 1200 வோல்ட் என்று அச்சிட்டிருந்த அது, மீட்டரில் 0.21 மட்டுமே காட்டியது.

இந்த இழப்பு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் காயிலும் இந்தக் கெபாசிட்டரும் சேர்ந்துதான் ஒவ்வொரு துடிப்பிலும் ஆற்றலைக் கைமாற்றிக்கொள்கின்றன. கெபாசிட்டரின் மதிப்பு குறைந்தால், காயிலில் சேர்ந்த அதே ஆற்றலை ஏற்க அதன் மின்னழுத்தம் முன்னைவிட உயர்ந்தாக வேண்டும். அந்த உச்சம் 1200 வோல்ட் மட்டுமே தாங்கும் ஐ.ஜி.பி.டி.யின் மீது விழுகிறது. வெளித்தோற்றத்தில் உப்பலோ வெடிப்போ எதுவும் இல்லாததால், கெபாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மீட்டர் இல்லையெனில் இதைப் பிடித்திருக்கவே முடியாது.

சென்னை ரிச்சி தெருவில் எச்20ஆர்1203 ஐ.ஜி.பி.டி., பிரிட்ஜ், கெபாசிட்டர், ஃபியூஸ் ஆகியவற்றை வாங்கினேன். ஐ.ஜி.பி.டி.யில் போலிகள் புழங்குவதால், பழைய பலகையிலிருந்து உருவி எழுத்தை மறுபடி அச்சிட்டதாகத் தோன்றியவற்றை, விலை குறைவாக இருந்தும் தவிர்த்தேன். ஐ.ஜி.பி.டி.யின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கில் காய்ந்து பொடியாகியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டி, புதியதை மெல்லியதாகத் தடவினேன்.

மின் இணைப்பை நேரடியாகக் கொடுக்கவில்லை. முதலில் காயிலைக் கழற்றிவைத்து, எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு எரிந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் என்பதால், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுத்தேன். பல்பு எரியாமல் நின்றது, பலகைக்கான 18 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் சரியாக வந்தன, ஐ.ஜி.பி.டி.யைத் திறந்து மூடும் கேட் காலில் ஏறத்தாழ சுழியம் இருந்தது. காத்திருப்பு நிலையில் இந்தக் காலில் 18 வோல்ட் நின்றால் கேட்டை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்கள் பழுது என்று பொருள். அந்நிலையில் காயிலை இணைத்தால் புதிய ஐ.ஜி.பி.டி.யும் அக்கணமே போய்விடும். காயிலை இணைத்துப் பாத்திரம் வைத்தபோது பல்பு விட்டுவிட்டு மின்னியது. பிறகு அடுப்பு குறைந்த மின்னழுத்தப் பிழையைக் காட்டி நின்றது. மின்னழுத்தத்தின் பெரும்பங்கைப் பல்பே விழுங்கிவிடுவதால் அது எதிர்பார்த்ததுதான்.

பல்பை நீக்கி, 1200 வாட்டில் 2 லிட்டர் தண்ணீர் வைத்ததில் சுமார் பத்து நிமிடத்தில் கொதித்தது. 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை ஏற்றத் தேவையான 586 கிலோஜூலைக் கணக்கிட்டால், செலவான மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரைச் சேர்ந்திருக்கிறது. ஆக, அடுப்பு சரியாகவே இயங்குகிறது. விசிறி மட்டும் தொடங்கும்போது சற்று முனகுகிறது. அதே அளவில் 18 வோல்ட் விசிறி கிடைத்ததும் மாற்றிவிட்டு, அடுப்பை உறவினரிடம் ஒப்படைக்க இருக்கிறேன்.