சென்டரா, பேஸ் ஸ்கூலா: மகனுக்காக நாங்கள் எடுத்த முடிவு

அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கிறோம். இரண்டாம் வகுப்பில் கோகேட் என்ற திறனறித் தேர்வு எழுதி, மகனுக்கு ஏஏபி (திறன்மிக்க பிள்ளைகளுக்கான மேம்பட்ட படிப்பு) லெவல் ஃபோர், அதாவது முழுநேர ஏஏபி வகுப்புக்கான தகுதி கிடைத்தபோது, இனி படிப்பைப் பற்றிக் கவலை இல்லை என்று நினைத்தேன். ஆறாம் வகுப்பில் மறுபடியும் ஆரம்பித்தது. இங்கே பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகளில் ஏழாவதும் எட்டாவதும் மட்டும்தான். எங்கள் பகுதிப் பள்ளியில் முழுநேர ஏஏபி இல்லை. முழுநேர ஏஏபி நடக்கும் சென்டர் பள்ளிக்கு அனுப்புவதா, பேஸ் ஸ்கூல் எனப்படும் பக்கத்துப் பள்ளியிலேயே ஆனர்ஸ் (சற்றுக் கடினமான) வகுப்புகள் எடுக்கச் சொல்வதா என்று நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் சென்டர் என்றே இருந்தேன். நான்கு முக்கியப் பாடங்களும் ஏஏபி பிள்ளைகளோடு. ஆனால் நடுநிலைப் பள்ளி காலை 7:30-க்கே தொடங்கிவிடுகிறது. தூரத்துப் பள்ளி என்றால் இருட்டிலேயே பஸ் ஏற வேண்டும்.

தெரிந்தவர்களிடம் கேட்கப் போனால் பேச்சு டிஜே எனப்படும் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் போய் நின்றது; போட்டி போட்டுத்தான் அங்கே இடம் பிடிக்க வேண்டும். 2020-இல் அதன் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பொது நடுநிலைப் பள்ளிக்கும் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம் ஒதுக்குகிறார்கள். அதனால் சென்டரில் போட்டி அதிகம், பேஸ் ஸ்கூலில் இருப்பதே நல்லது என்றார் ஒருவர். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் இரண்டு வருடத்தை அந்தக் கணக்கில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளி எல்லைகளை மறுஆய்வு செய்யும் கூட்டங்கள் நடந்தன. ஒரு மாலை நானும் கணவரும் போனோம். மேசைக்கு எட்டுப் பேர், நடுவில் விரித்த வரைபடம். ஒரு அப்பா சென்டரை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்றார். பிள்ளைகளைப் பிரித்துப் போட்டால் எந்தப் பள்ளியிலும் ஒரு வகுப்புக்கு ஆள் சேராது என்பது அவர் வாதம். சரியான வாதம்தான், நானும் தலையாட்டினேன்.

எதிரே ஒரு அம்மா மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஸ்பானிஷில் பேசினார். அவர் மகள் எங்கள் பேஸ் ஸ்கூலில்தான் படிக்கிறாள். வரைபடத்தில் அந்தப் பள்ளியின் மேல் விரலை வைத்து, "இங்கிருந்து பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். ஏழாவதில் அல்ஜீப்ரா ஒன் கணக்கு வகுப்பு எடுக்க என் மகளும் இன்னும் சிலரும்தான் மிச்சம். அவர்களுக்காக வகுப்பு நடக்குமா என்று ஒவ்வொரு வருடமும் பயப்படுகிறோம்" என்றார். விரலை எடுக்கவே இல்லை. அந்த பஸ்ஸில் ஏறப் போகும் பிள்ளைகளில் என் மகனும் ஒருவன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் கருத்துப் படிவத்தில், ஏஏபி பாடத்திட்டமும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் வர வேண்டும் என்று எழுதினேன். பெயர்ப் பலகை மட்டும் வந்தால் போதாது, கணக்கு ஆசிரியர் வர வேண்டும் என்று தனியாக ஒரு வரி சேர்த்தேன்.

வீட்டில் முடிவு எடுக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. பேஸ் ஸ்கூல் ஆலோசகரைப் பார்த்து மூன்று கேள்வி கேட்டோம். அல்ஜீப்ரா ஒன் கட்டாயம் நடக்குமா? ஆனர்ஸ் வகுப்பில் கூடுதலாக என்ன செய்கிறார்கள்? வகுப்பு நடக்காவிட்டால் மாற்று வழி என்ன? இதே குழப்பத்தில் இருக்கும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: பள்ளியைப் பார்க்க எல்லோரையும் அழைக்கும் ஓபன் ஹவுஸ் நாளில் கூட்டத்தோடு கேட்காமல், நேரம் வாங்கித் தனியாகப் போய்க் கேளுங்கள். எங்களுக்குத் தெளிவான பதில் கிடைத்தது. மகனிடம் கேட்டோம். "நடந்து போகலாம்ல, அம்மா?" என்றான்.

பேஸ் ஸ்கூலைக் குறித்துக் கொடுத்தோம். அல்ஜீப்ரா ஒன் வகுப்பு நடக்கிறது. அந்த அம்மாவின் மகள் அதற்குள் எட்டாவது போய்விட்டாள்.