மூச்சு விடும் பெட்டி

சேலம் குகைப் பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். கூடம் என்பது பெயருக்குத்தான், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை. ஆனி பிறந்துவிட்டால் சாப்பிட நேரம் இருக்காது. ஆடிப் பண்டிகைக்கு மாரியம்மன் பாட்டு, சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்கு வசனமும் பின்னணி இசையும், நடுநடுவே ஆட்டோவில் கட்டி ஊரைச் சுற்றும் ஜவுளிக்கடை விளம்பரம்.

இரண்டு வீடு தள்ளி விசைத்தறி ஓடுகிறது. அதற்குப் பயந்து ஆரம்பத்திலேயே இடைவெளி விட்டு உள்சுவர் ஒன்று எழுப்பி, கதவு ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டி, கையில் இருந்ததை எல்லாம் அதில் கொட்டியிருந்தோம். தறிச் சத்தம் அடங்கிவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பஜனைக் குழுவில் பாடும் பெரியவர் ஒருவர் வந்தார். அறுபது தாண்டிய தறிக்காரர். இத்தனை வருஷம் தறிச் சத்தத்துக்குள் இருந்தவருக்குக் காது எப்படி இருக்குமோ என்று எனக்கு உள்ளூரச் சந்தேகம். ஹெட்போனை மாட்டிக்கொண்டவர் பாடவில்லை. சும்மா நின்றார்.

"ஏந் தம்பி, உள்ள யாரோ மூச்சு விடறாங்களே?"

"யாரும் இல்லீங்களே ஐயா."

மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் கை காட்டினார். "அந்தப் பொட்டிதான்."

தினமும் பத்து மணி நேரம் அந்த ஃபேன் சத்தத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது காதில் விழுவதே நின்று போயிருந்தது. மைக்குக்கு அப்படி இல்லை. நல்ல கண்டென்சர் மைக் தனக்குள் எழுப்பும் இரைச்சல் மிகக் குறைவு. எதிரே யாரும் பாடாதபோது ஃபேனைத்தான் அது கேட்டுக்கொண்டிருக்கும். ஒரே ஒரு குரல் என்றால் சமாளித்துவிடலாம். கோரஸுக்கு எட்டு முறை பாட வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது இரைச்சலும் கூடவே ஏறும். எட்டு அடுக்கு என்றால் சுமார் 9 டெசிபல். அதற்கு மேல், உரத்த இடத்தை அடக்கி மெல்லிய இடத்தைத் தூக்கிக் காட்டும் கம்ப்ரஸர் போட்டால், வரிக்கு வரி பாட்டு நிற்கும் இடத்தில் 'உஸ்ஸ்' என்று எழுந்து வரும். இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டால் அம்மன் பாட்டு தண்ணீருக்குள் இருந்து பாடுகிற மாதிரி கேட்கும். அதுவும் பார்த்தாயிற்று.

முதலில் எல்லாரும் செய்கிற முட்டாள்தனங்களை நானும் செய்தேன். மேசைக்கு அடியில் தள்ளினேன். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். இத்தனை சின்ன அறையில் அது சுவரில் பட்டுத் திரும்பி வந்துவிடுகிறது. தெர்மாகோல் வைத்தேன். எடையில்லாத பொருள் சத்தத்தை மறிக்காது, முட்டை அட்டையும் அப்படியே. கடைசியில் மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். சித்திரை வெயில், பதிவு ஓடும்போது ஏசியும் நிறுத்தியிருக்கும். அரை மணியில் அலமாரிக்குள் சூடேறி, ஃபேன் வேகமெடுத்து, முன்பைவிட அதிகமாக இரைந்தது.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவைத் தாண்டும்போதெல்லாம் இந்த அலமாரி ஞாபகம் வரும். பேசும்படம் வந்த காலத்தில் கேமரா ஓடும் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க, கேமராவையே கூண்டுக்குள் அடைத்துத்தான் படம் பிடித்தார்கள். என் பெட்டிக்குக் கூண்டு ஒத்துவரவில்லை. வெளியே அனுப்புவதுதான் வழி. சுவருக்கு அந்தப் பக்கம், மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை இருந்தது. பெட்டி அங்கே, திரை, கீபோர்டு, மவுஸ் இங்கே.

சுவருக்கு அந்தப் பக்கம்தானே, மூன்று மீட்டர் போதும் என்று கணக்குப் போட்டேன். ஒயர் நேர்கோட்டில் போகாது. சுவர் ஏறி, கூரை ஓரமாக நடந்து, கதவு நிலையைச் சுற்றி இறங்கினால் பன்னிரண்டு மீட்டர். முன்பே பதித்திருந்த முக்கால் அங்குல பைப்பில் திரைக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளை இழுக்கப் போனால் கேபிள் போகிறது, அதன் தலை போகவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி ஸ்பிரிங்கை விட்டு இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, தலைய வெட்டிடலாமா?" என்றான். வெட்டினால் உள்ளே இருக்கும் பத்தொன்பது இணைப்பையும் திரும்ப ஒட்டுவது யார்?

திரைக்குச் சிரமப்பட்டு ஒரு வழி பண்ணினோம். இடையில் மின்சாரம் ஏற்றும் யுஎஸ்பி கேபிளில் கீபோர்டும் மவுஸும் ஒழுங்காக வேலை செய்தன. அதே மாதிரிக் கேபிளில், மைக்கின் குரலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸைச் செருகியதும் பாட்டுக்கு நடுவே 'டிக், டிக்' என்று முள் குத்தியது. யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர் என்று வரம்பு வைத்திருப்பது வெறும் சிக்னல் தேய்ந்துவிடும் என்பதற்காக மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் கேள்வி கேட்டுவிட்டு, பதில் இத்தனைக்குள் வந்தாக வேண்டும் என்று நேரம் பார்க்கிறது. வழி நீண்டால் பதில் தாமதம். மவுஸ் ஒரு கணம் தடுமாறினால் நமக்குத் தெரியாது, ஆனால் பாட்டில் ஒரு துளி விட்டுப் போனாலும் காது பிடித்துவிடும்.

இன்டர்ஃபேஸைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்து மைக் ஒயரை நீட்டலாம். மைக் ஒயர் தூரத்துக்கு அஞ்சாது. ஒரே குரலை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் அனுப்பி, வழியில் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும் இரைச்சலை மறுமுனையில் கழித்துவிடும் ஏற்பாடு அது. முப்பது மீட்டர் ஓடினாலும் கவலையில்லை. ஆனால் குரல் அளவைக் கூட்டக் குறைக்கும் திருகு இன்டர்ஃபேஸில்தான் இருக்கிறது, அதற்காக ஒவ்வொரு தடவையும் மாடிப்படிக்கு அடியில் குனிந்து போக வேண்டும். என் முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் சுவரிலேயே ஒன்றரை அங்குலத் துளை போட்டு, 5 மீட்டர் கேபிளை நேராக விட்டோம். சத்தம் உள்ளே வர அந்தத் துளை ஒன்றே போதும். கேபிளைச் சுற்றி ராக்வூல் என்ற கல் நார்ப் பஞ்சை அடைத்து இரண்டு பக்கமும் புட்டி பூசினேன். பூசும்வரை ஃபேன் அந்த ஓட்டை வழியாகக் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தது.

இதற்குப் பிறகு ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று ஒரு முனகல். 50 ஹெர்ட்ஸ். பெட்டிக்கு ஒரு அறையின் பிளக், ஸ்பீக்கருக்கு இன்னொரு அறையின் பிளக், இரண்டின் எர்த்தும் வெவ்வேறு வழியாகப் போகின்றன. எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். முனகல் போகும், ஒரு நாள் அதோடு ஆளும் போவான். எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து எடுத்ததும் அடங்கியது.

அன்றைக்கு ராத்திரி தனியாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். எதுவுமில்லை. கொஞ்ச நேரத்தில் டியூப் லைட்டின் சோக் ரீங்காரம் கேட்டது. அதை அணைத்ததும் சுவர்க் கடிகாரம். அதையும் கழற்றி வெளியே வைத்த பிறகு கேட்டது என் வயிறு. மறுநாள் பாட வந்த பெண்களிடம், "கண்ணு, வளையலும் கொலுசும் கொஞ்சம் கழட்டி வெச்சிடுங்க" என்று சொல்ல வேண்டி வந்தது. கொலுசு செய்கிற ஊரில் அப்படிக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

எட்டு மாதம் நிம்மதியாக ஓடியது. அடுத்த ஆனியில் கோரஸின் ஏழாவது குரல் பாதியில் திரை கறுத்தது. மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தால் பெட்டி தொட முடியாத சூடு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது. பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஃபேனுக்குப் பின்னால் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. சந்தெல்லாம் பறக்கிற தறிப் பஞ்சுதான்.

பெரியவர் அன்றைக்கும் வந்திருந்தார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"முன்னாடியே சத்தம் மாறியிருக்குமே தம்பி, கேக்கலையா?"

என்னத்தைச் சொல்ல? அவர் சந்து முனையில் நின்றே எந்தத் தறியில் எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லுகிறவர். நானோ சுவரில் புட்டி பூசி வைத்திருக்கிறேன்.

மறுநாள் தறிக்கூடத்திலிருந்து பஞ்சு தட்டும் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மாடிப்படி அறையில் ஆணியில் அது தொங்குகிறது. ரெகார்டிங் உள்ள நாளில் அங்கே போய்ப் பெட்டியில் காதை வைத்து ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்து ஹெட்போன் மாட்டுகிறேன். அந்த இருட்டில் தினமும் என்ன பண்ணுகிறான் என்று என் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.