கே.இ.70-இல் பிளாக்டாப், மலிவு இசியு: ஐந்து மாதக் கணக்கு

அப்பாவின் பழைய கொரோலா கே.இ.70 ஆறு வருடம் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. உள்ளே இருந்த 1.3 லிட்டர் 4கே எஞ்சினுக்கு மூச்சே இல்லை. போன வருடம் அதை இறக்கிவிட்டு, பினாங்கு பட்டர்வொர்த் பக்கம் ஒரு ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் கடை) கிடைத்த டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ 20 வால்வு பிளாக்டாப் எஞ்சினை ஏற்றினேன். கிராண்டில் (காரின் பதிவுப் பத்திரம்) எஞ்சின் நம்பர் மாற்றிய கதையை எழுத ஆரம்பித்தால் அதுவே தனிப் புராணமாகிவிடும், விடுங்கள்.

இந்த எஞ்சின் முன்சக்கரம் இழுக்கும் காடியில் (காரில்) குறுக்கே உட்காருவதற்காகச் செய்தது. பொறியைப் பங்கிட்டு, கிராங்க் நிலையையும் சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் கடைசியில் துருத்திக்கொண்டு நிற்கும். பின்சக்கரக் காடியில் நீளவாக்கில் திருப்பி வைத்தால் அது நேராகப் போய் ஃபயர்வாலில் இடிக்கிறது. சிலர் ஃபயர்வாலைச் சுத்தியலால் தட்டிக் குழி எடுத்துவிடுகிறார்கள், ஆனால் அப்பா முப்பது வருடம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த காடியில் சுத்தியல் போட எனக்கு மனசு வரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினாலோ ஒரிஜினல் இசியுவுக்கு, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, கிராங்க் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. ஆக எனக்கு ஸ்டாண்ட்அலோன், அதாவது ஒரிஜினலைத் தூக்கிவிட்டுத் தனியாக எஞ்சினை நடத்தும் இசியு, தவிர வேறு வழி இல்லை. பிக்கிபேக் வாங்கேன், மலிவாக முடியும் என்று ரெண்டு பேர் சொன்னார்கள். பிக்கிபேக் என்பது ஒரிஜினல் இசியுவின் காதில் பொய் சொல்லும் பெட்டி. பொய் கேட்க அங்கே இசியு உயிரோடு இருக்க வேண்டுமே.

சரி, எதை வாங்குவது? மச்சான் ஒருவன் தன் நிசான் சில்வியாவில் ஹால்டெக் இசியு ஓட்டுகிறான், அவனைக் கேட்டால் உலகத்தில் வேறு இசியுவே கிடையாது. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க், போலந்தின் இசியுமாஸ்டர், எல்லாமே நல்ல சாமான்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் விசாரித்த இடங்களில் நாலாயிரம் வெள்ளிக்குக் (ரிங்கிட்) கீழே யாரும் வாயே திறக்கவில்லை, அதுவும் வயரிங் தனி. எஞ்சினுக்கே அவ்வளவு கொடுக்கவில்லை நான்.

அடுத்தது மெகாஸ்குவர்ட் குடும்பம். 2001-இல் பௌலிங், கிரிப்போ என்ற ரெண்டு அமெரிக்கர்கள் தொடங்கி வைத்தது, வீட்டில் உட்கார்ந்து இசியு செய்யும் பைத்தியம் உலகமெங்கும் பரவியதற்கு அவர்கள்தான் பெரிய காரணம். அதில் மைக்ரோஸ்குவர்ட் எனக்கு ரொம்பப் பிடித்தது: சின்னப் பெட்டி, ரெண்டு இன்ஜெக்டர் சேனல், ரெண்டு இக்னிஷன் சேனல், கிராங்க் சுற்றுவதைக் காந்தத்தால் உணரும் விஆர் சென்சாரின் சிக்னலைச் சுத்தப்படுத்தும் சர்க்யூட் உள்ளேயே இருக்கிறது. நாலு சிலிண்டரை வேஸ்டட் ஸ்பார்க்கில் (ரெண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் பொறி) ஓட்ட அது தாராளம். எனக்குச் சொன்ன விலை 1,800 வெள்ளி. அதை வாங்கி நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று இந்த ஐந்து மாதத்தில் எத்தனையோ ராத்திரி நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன்.

வாங்கியது ஸ்பீடுயினோ. ஜோஷ் ஸ்டூவர்ட் தொடங்கிய திறந்த மூலத் திட்டம், மூளை ஒரு சாதாரண ஆர்டுயினோ மெகா 2560, 16 மெகாஹெர்ட்ஸ். நாலு இன்ஜெக்டர், நாலு இக்னிஷன். போர்டும் சாமானும் சேர்த்து 480 வெள்ளி, சால்டரிங் நானே. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் போர்டு ரீவொர்க் செய்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை, நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து அரிசியை விடச் சின்ன ரெசிஸ்டரைத் தூக்கி வைக்கிறவனுக்கு இந்த போர்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கையில் அயர்ன் பிடித்துப் பழகாதவர்கள் இதை விலை பார்த்து வாங்காதீர்கள். சரியாகப் பிடிக்காத ஒரு சால்டர் (கோல்ட் ஜாயிண்ட்) போதும், ஹைவேயில் எஞ்சின் அணைந்து நிற்கும்.

வாங்குவதற்கு முன்னால் ரெண்டு விஷயம் பார்த்தேன். முதலாவது இன்ஜெக்டர். இந்த போர்டு ஹை இம்பீடன்ஸ் இன்ஜெக்டரைத்தான் நேரடியாக ஓட்டும். மல்டிமீட்டர் வைத்தேன், ஒவ்வொன்றும் 13 ஓம் சொச்சம், பிரச்சினை இல்லை. ரெண்டு மூன்று ஓம் காட்டினால் தனியாக ரெசிஸ்டர் போட வேண்டியிருக்கும். இரண்டாவது, யார் டியூன் செய்வார் என்பது. பிறை பக்கம் ஒரு பட்டறையில் கேட்டேன், பெயர் வேண்டாம். தவுக்கே (முதலாளி) மரியாதையாகவே சொன்னார்: “தம்பி, அந்த போர்டை நான் தொடமாட்டேன். எஞ்சின் போனால் நீ போர்டைத் திட்டமாட்டாய், என்னைத்தான் திட்டுவாய்.” நியாயமான பேச்சுதான். டியூன் செய்யும் வேலையும் என் தலையில்தான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அந்த வேலையைக் கையில் எடுக்க விருப்பமில்லாதவர்கள், பக்கத்தில் இருக்கும் டியூனர் எந்த இசியுவைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்பார் என்று கேட்டு அதையே வாங்குங்கள். போர்டில் மிச்சம் பிடிக்கும் ஆயிரத்து சொச்சம் வெள்ளியைத் தூக்கமில்லாத ராத்திரிகளாகத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

கிராங்க் புல்லியில் லேசரில் வெட்டிய 36-1 பல்சக்கரம் பொருத்தினேன். முப்பத்தாறு பல்லுக்கு இடம், ஒன்று இல்லை, ஒரு பல்லுக்குப் பத்து டிகிரி. அந்த ஓட்டைப் பல்லை வைத்துத்தான் இசியு கணக்குப் போடுகிறது. கேம் சிக்னல் இல்லை, ஆகவே 1-4, 2-3 என்று ஜோடியாகப் பொறி அடிக்கும். காயில்கள் பழைய டொயோட்டா வியோஸ் காடியிலிருந்து எடுத்தவை, இக்னைட்டர் உள்ளேயே இருக்கிற நாலு பின் காயில், ஒன்று 45 வெள்ளி. இங்கே ஒரு கண்டம் தப்பியது. போர்டில் இக்னிஷன் சிக்னலை 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று தேர்ந்தெடுக்க ஒரு ஜம்பர் உண்டு, நான் அரைத் தூக்கத்தில் 12 பக்கம் சால்டர் செய்திருந்தேன். இந்த வகைக் காயிலுக்கு 5 வோல்ட்தான் போக வேண்டும். காயில் மாட்டுவதற்கு முன் சும்மா ஒரு தடவை அளந்து பார்த்ததால் நாலு காயிலும் பிழைத்தன.

முதல் ஸ்டார்ட் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது, நானும் தம்பியும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அங்கிள் விளக்கைப் போட்டுப் பார்த்தார். ஆனால் சந்தோஷம் அரை மணி நேரம்தான். மென்பொருளில் டைமிங்கைப் பத்து டிகிரியில் பூட்டிவிட்டு டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்தேன். ஐடிலில் கோடு பத்தில் நின்றது. திராட்டிலைத் திறக்கத் திறக்கக் கோடு மெல்ல நகர்ந்தது, 3,000-ஐத் தாண்டியதும் சிங்க் விட்டு (பல் கணக்கு தவறி) எஞ்சின் இருமியது. பூட்டி வைத்த டைமிங் எப்படி நகரும்? மென்பொருளைச் சந்தேகப்பட்டேன், பல்சக்கரம் ஆடுகிறதோ என்று கழற்றி மாட்டினேன், சென்சார் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து மூன்று தடவை அளந்தேன். ரெண்டு ராத்திரி போச்சு. கடைசியில் பார்த்தால் விஆர் சென்சாரின் ரெண்டு வயரும் இடம் மாறியிருந்தன. அலை தலைகீழாக வந்தால் சர்க்யூட் தப்பான ஓரத்தைப் பிடிக்கிறது, வேகம் கூடக் கூட அந்தத் தப்பும் நகர்கிறது. வயரை மாற்றிப் போட்டேன், கோடு ஆணி அடித்தது போல நின்றது.

அப்புறம் லேப்டாப் தொல்லை. எஞ்சின் ஓடும்போது யூஎஸ்பி இணைப்பு அறுந்து அறுந்து போனது. காயில் வயரும் கிராங்க் சென்சார் வயரும் ஒரே கட்டில் போனதுதான் ஒரு காரணம். சென்சார் வயரை ஷீல்டு கேபிளாக மாற்றி, ஷீல்டை இசியு பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்தேன், சென்சார் கிரவுண்ட் எல்லாவற்றையும் போர்டுக்கே கொண்டுவந்தேன், போர்டின் கிரவுண்டை எஞ்சின் பிளாக்கில் இறுக்கினேன். பாதி குணம். மீதிப் பாதிக்குப் புளூடூத் அடாப்டர் போட்டுவிட்டேன், கௌரவம் பார்க்கவில்லை.

இனி இந்த எஞ்சினின் உண்மையான தலைவலி. பிளாக்டாப்பில் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு திராட்டில், ஒவ்வொன்றும் 45 மில்லிமீட்டர். கொஞ்சம் திறந்தாலே காற்று கொட்டுகிறது, மேனிஃபோல்டு அழுத்தம் உடனே வெளிக்காற்று அளவுக்குப் போய்விடுகிறது, அதற்கு மேல் அந்த அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதனால் ஆல்ஃபா-என், அதாவது திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு வேகம், இந்த ரெண்டை வைத்து எரிபொருள். டேபிளில் பதினாறு வரிசை கிடைக்கிறது. முதலில் புத்திசாலித்தனமாக 0 முதல் 100 வரை சமமாகப் பிரித்தேன், காடி முதல் கியரில் குதிரைக்குட்டி போலத் துள்ளியது. பிறகு 20 சதவீதத்துக்குக் கீழேயே எட்டு வரிசையை நெருக்கிப் போட்டு, 60-க்கு மேல் மூன்றை மட்டும் விட்டேன். அங்கே திறந்தாலும் மூடினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. துள்ளல் நின்றது. இரண்டாவது டேபிளில் மேப் சென்சாரையும் பெருக்கிச் சேர்க்கும் வசதி இருக்கிறது, அதை ஐடிலுக்கு மட்டும் கொஞ்சம் பயன்படுத்துகிறேன்.

அதற்கும் முன்னால் நாலு திராட்டிலும் ஒரே அளவு இழுக்க வேண்டும், இல்லையென்றால் டேபிள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வீண். ஜெலுத்தோங்கில் வெபர் கார்புரேட்டர் காலத்து அங்கிள் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். நான் சின்க் மீட்டர் வாங்கவா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, ஒரு முழ ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்தார், மறு முனையை ஒவ்வொரு திராட்டில் வாயிலும் பிடித்தார். உஸ் என்ற சத்தம்தான் மீட்டர். மூன்றாவதில் நின்று, “இனி லெபே,” (மலாயில், இது அதிகம்) என்று சொல்லி ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். பிறகு நான் கடன் வாங்கி வந்த மீட்டரால் அளந்தேன். நாலும் கிட்டத்தட்ட ஒரே எண். காசு வாங்க மறுத்துவிட்டார், பசியாறியதற்குக்கூட அவரே கொடுத்தார்.

காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. சாதாரண ஆக்சிஜன் (ஓ2) சென்சாருக்கு அந்த விகிதம் 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரோடு கேஜ் 780 வெள்ளி, போர்டை விட விலை அதிகம். ஐடிலுக்கு 13.5, சீராக ஓடும்போது 14.5, முழுத் திராட்டிலில் 12.8 என்று இலக்கு வைத்தேன். ட்யூனர்ஸ்டூடியோ என்ற டியூனிங் மென்பொருளின் பதிவு செய்த பதிப்பு ஓடும்போதே டேபிளைத் தானே திருத்தும், எரிபொருளில் பாதி வேலையை அது முடித்துக் கொடுத்தது. இக்னிஷனை ரோட்டில் தொடவில்லை. கம்ப்ரெஷன் 11-க்கு 1, ரோன்97 பெட்ரோல் ஊற்றினாலும் நாக் (எரிபொருள் தானாக வெடிக்கும் தட்டல்) வரும்போது திறந்த திராட்டில் சத்தத்தில் காதுக்குக் கேட்காது. டைனோ (சக்கரத்தை உருளையில் ஓட்டித் திறனை அளக்கும் மேடை) போகும் வரை 5,500-இல் ரெவ் லிமிட் போட்டு வைத்தேன்.

குளிர் ஸ்டார்ட் சுலபமாக முடிந்தது, அதற்கு நம் ஊருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் டேபிள்கள் மைனஸ் டிகிரியிலிருந்து ஆரம்பிக்கின்றன. பினாங்கில் காலை ஆறு மணிக்கும் தண்ணீர் 26 டிகிரி காட்டும். இடது பக்கம் பாதி டேபிள் சும்மா அலங்காரம். அப்பா முதல் தடவை ஓட்ட உட்கார்ந்தபோது பழக்கத்தில் சோக் குமிழியை இழுத்துவிட்டுத்தான் சாவி போட்டார். குமிழி எதிலும் மாட்டவில்லை, கையோடு வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, “இதையும் கழற்றிட்டியாடா?” என்றார். அந்த ஓட்டையில் இப்போது ரெவ் லிமிட் விளக்கு இருக்கிறது.

டைனோவுக்கு 500 வெள்ளி, அதுவும் லேப்டாப்பை நானே பிடித்துக்கொள்கிறேன், உருளையை மட்டும் வாடகைக்குத் தாருங்கள் என்று பேசிய விலை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி சொலனாய்டு ஆன், ஆஃப் என்று ரெண்டே நிலை என்பதால், ஒரு தடவை ஆனில், ஒரு தடவை ஆஃபில் ஓட்டி ரெண்டு கோட்டையும் மேலே மேலே வைத்துப் பார்த்தோம், வெட்டிக்கொண்ட இடம் என் எஞ்சினில் 5,600 பக்கம், அங்கே அணைக்கச் சொல்லிவிட்டேன். சக்கரத்தில் 121 குதிரைத்திறன். டொயோட்டா புதிதில் எஞ்சினுக்குச் சொன்னது 165, ஆனால் அது சக்கரத்தில் அளந்ததல்ல, அதுவும் இல்லாமல் இந்த எஞ்சினுக்கு வயது ஆகிவிட்டது. எனக்கு வருத்தம் இல்லை.

கணக்கு: போர்டு 480, விஆர் கண்டிஷனர் 60, வைட்பேண்ட் 780, பல்சக்கரமும் பிராக்கெட்டும் 180, காயில் 180, வயர், கனெக்டர், ரிலே எல்லாம் 340, டைனோ 500. ஆக 2,520 வெள்ளி. மச்சான் இதைப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் என்னுடையதையே வாங்கியிருக்கலாமே,” என்றான். அவனுக்கும் வைட்பேண்ட், காயில், வயர், டைனோ எல்லாம் தனிச் செலவுதான் என்று ஞாபகப்படுத்தினேன், பேச்சை மாற்றிவிட்டான்.

இப்போது மிச்சம் இருப்பது சூட்டு ஸ்டார்ட். நாசி கண்டார் கடையில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் எஞ்சின் பிடிக்கிறது, உடனே அணைகிறது. இசியு பதிந்து வைத்த லாக்கில் பார்த்தேன், உள்ளிழுக்கும் காற்று 68 டிகிரி என்கிறது. காற்று அவ்வளவு சூடில்லை, ஹெட்டுக்குப் பக்கத்தில் மாட்டிய சென்சார்தான் சூடாகிவிட்டது, இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கிறது. 50 டிகிரிக்கு மேல் திருத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், முன்னைக்குப் பரவாயில்லை. சனிக்கிழமை சென்சாரைக் கிரில்லுக்குப் பின்னால் மாற்றப் போகிறேன். அதுவரை கடை வாசலில் ரெண்டு தடவை சாவி போட வேண்டியிருக்கிறது, பக்கத்தில் மைவி காடி வைத்திருப்பவர் பார்த்துக்கொண்டே போகிறார்.