சிறு மோட்டார் படகுக்குப் பக்கக் கீல்: வைத்த விதமும் பலனும்

பக்கக் கீல் (bilge keel) என்பது படகு பக்கவாட்டில் உருளுவதைக் குறைக்க, அடிப்பகுதியின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒட்டும் துடுப்பு மாதிரியான பலகை. படகு 6.4 மீட்டர் ஃபைபர் கிளாஸ், அகலம் 2.1 மீட்டர். அடிப்பகுதி உருண்டை, உள்ளே டீசல் எஞ்சின், வேகம் 6 நாட் (மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர்). சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றால் பாத்தாம் ஃபெர்ரி கிளப்பும் அலைக்கே தாறுமாறாக உருளும். கரையோரம் கட்டி, ஒரு பக்கம் அமுக்கி விட்டுப் பார்த்ததில் ஒரு முழு ஆட்டத்துக்கு சுமார் 2 விநாடி. அடங்குவதற்குள் எட்டு ஒன்பது தடவை ஆடியது.

பக்கக் கீல் இந்த 2 விநாடியைப் பெரிதாக மாற்றாது. அதன் விளிம்பில் நீர் சுழித்து ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சிவிடும், அவ்வளவுதான். அதனால் பெரிய ஆட்டத்தில்தான் பலன்; சின்னச் சின்ன அசைவு அப்படியே இருக்கும். வேகப்படகில் இதை வைக்கவே கூடாது. வேகமாகத் திருப்பும்போது கீல் நீரைப் பிடித்துப் படகைச் சாய்த்துவிடும்.

அளவு: நீளம் 2 மீட்டர், அதாவது நீர்க்கோட்டு நீளத்தில் (நீர்மட்டத்தில் படகின் நீளம்) மூன்றில் ஒரு பங்கு. ஆழம் 18 சென்டிமீட்டர். அடிப்பகுதி வளையும் இடத்தில், உடலுக்குச் செங்குத்தாக. கீல் படகின் அகலத்தையும் நடுக்கீலின் (அடியின் நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) ஆழத்தையும் தாண்டக்கூடாது. தாண்டினால் ஜெட்டியிலோ தரையிலோ முதலில் இடிபடுவது அதுதான்.

அளவைவிட முக்கியம் திசை. நீர் நேர்கோட்டில் ஓடுவதில்லை: முன்பகுதியில் கீழிறங்கி, பின்பகுதியில் மேலேறும். கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி, 5 நாட் வேகத்தில் ஓட்டி, நீருக்கடியில் கேமரா வைத்து நூல் படியும் கோட்டைக் குறித்த பிறகே கீலின் வளைவு வெட்டப்பட்டது. பார்வைக்கு நேராக இருக்கட்டும் என்று நீர்க்கோட்டுக்கு இணையாக ஒட்டினால் இழுவை கூடும், வேகம் போகும்.

கீல் செய்தது 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில், இரு பக்கமும் கண்ணாடி இழை, இபாக்ஸி (ஹார்டனர் என்ற இறுக்கியைக் கலந்தால் கெட்டியாகும் பிசின்). ஒட்டும் இடத்தில் பெயின்ட்டையும் ஜெல்கோட்டையும் (ஃபைபர் கிளாஸின் வழவழப்பான மேற்பூச்சு) கிரைண்டரால் முழுக்க எடுக்க வேண்டும். பெயின்ட் மேல் ஒட்டினால் பெயின்ட்டோடு உரிந்து வந்துவிடும். முதலில் உடல் மேல் மூன்று அடுக்கு இழையில் அகலமான பட்டை. கீல் அந்தப் பட்டையின் மேல், அதைவிட மெல்லிய இழையால். பவளப்பாறையில் மோதினால் கீல் மட்டும் பிய்ந்து போகும், படகு ஓட்டையாகாது. உடலைத் துளைத்துப் போல்ட் போடுவதில் நமக்கு உடன்பாடில்லை. மோதும்போது போல்ட் உடலையும் சேர்த்துக் கிழிக்கும்.

நம் ஊர் வெக்கையில் இபாக்ஸி கப்பிலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றிக்கொள்வது நல்லது. ஈரக்காற்றில் இறுகிய இபாக்ஸி மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அடுத்த பூச்சுக்கு முன் அதை வெறும் தண்ணீரும் தேய்க்கும் நாரும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலம் இன்னும் பரவும்.

வெளிவிளிம்பை உருட்டி மழுப்பவில்லை. கூர்மையாக இருந்தால்தான் நீர் நன்றாகச் சுழிக்கும். முன்முனையும் பின்முனையும் மட்டும் 30 சென்டிமீட்டர் சரிவாக முடிகின்றன.

இப்போது அதே சோதனையில் மூன்று நான்கு ஆட்டத்தில் அடங்குகிறது. அதே எஞ்சின் சுற்றில் வேகம் 0.2 நாட் குறைந்திருக்கிறது. கீலுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள மூலையில் கொட்டலசு சீக்கிரம் பிடிப்பதால், அங்கே ஆன்டிஃபவுலிங் (கடலுயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட்) ஒரு பூச்சு கூடுதல்.