கன்றைப் பிரித்தால் பசு தேறுமா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சாண்ட்ஹில்ஸ் எனப்படும் மணற்குன்றுப் பகுதி, சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெரும்பாலும் புல்வெளியாகவே விரிந்து கிடக்கிறது. இறைச்சிக்காகக் கன்று வளர்க்கும் பண்ணைகள் நிறைந்த அந்நிலத்தில், மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஈன்ற பசுக்களிடமிருந்து அக்டோபர் வாக்கில், ஏறத்தாழ ஏழு மாதம் ஆன கன்றுகளைப் பிரிப்பது பொதுவான வழக்கம். 2012-இல் வந்தது போன்ற கடும் வறட்சியில்தான், நான்கைந்து மாதத்திலேயே பிரித்துவிடலாமா என்ற யோசனை எழுகிறது. மேய்ச்சலை மிச்சம் பிடிக்கும் வழியாகவே இதைப் பலரும் பார்க்கிறார்கள். பசுவுக்குக் கூடுதல் தீவனம் போடுவதற்கு ஈடான செயலாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

பாலூட்டும் பசுவின் தீவனத்தில் 10 முதல் 11 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். பால் வற்றிய நடுச்சினைப் பசுவுக்கு 7 சதவீதமே ஏறக்குறையப் போதும். கோடை முடிவில் புல் முற்றிப் புரதம் இறங்கும்போது, கன்றுள்ள பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்க, கன்று பிரிந்த பசுவோ அதே புல்லைத் தின்று உடம்பு தேறுகிறது. (நம் பால்பண்ணைகளில் கன்றைப் பிரித்த பிறகும் கறவை தொடர்வதால், இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது.)

அந்தத் தேற்றத்தைக் கண்ணாலேயே அளக்கலாம். 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் 4 பெறும் பசுவுக்குக் கடைசி இரண்டு விலா எலும்புகள் வெளியே தெரியும். 5-க்கு ஏறியதும் அவை தசைக்கும் கொழுப்புக்கும் அடியில் மறைந்துவிடும். இந்த ஒரு படி ஏற ஏறத்தாழ 35 முதல் 45 கிலோ எடை கூட வேண்டும். கடுங்குளிரில், வயிற்றுக் கன்று வேகமாக வளரும் கடைசி மாதங்களில் அதை ஏற்றுவதற்குத் தீவனச் செலவு மிகுதி; இலையுதிர் காலத்தில் பாலை நிறுத்துவதாலேயே பெரும்பகுதி கிடைத்துவிடும்.

எப்போது பிரிக்கிறோம் என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சினைக்காலம் சுமார் 283 நாள் என்பதால், ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால் ஈன்ற 80 நாட்களுக்குள் பசு மறுபடி சினை பிடிக்க வேண்டும். மெலிந்த பசு கன்றுக்குப் பால் ஊட்டிக்கொண்டே இருப்பது சினைப்பருவம் திரும்புவதைத் தள்ளிப்போடுகிறது. ஆகவே சுமார் இரண்டு மாதத்தில் பிரித்தால் அந்த ஆண்டின் சினைக்கே உதவும்; ஐந்தாம் மாதத்தில் பிரிப்பதோ, அடுத்த ஈற்றுக்குள் பசு நல்ல உடல்நிலைக்கு வந்து, அதன் பிறகான சினைக்குத்தான் பலன் தரும்.

இதற்கான விலையைக் கன்றின் பக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. சிறு கன்றுக்குச் சுவையான, புரதம் மிகுந்த அடர்தீவனம் வேண்டும். புழுதி படிந்த பட்டியில் அடைத்தால் மூச்சுநோய் தொற்றும். வேலியின் இருபுறமும் தாயும் கன்றும் பார்த்துக்கொள்ளும்படி விட்டால், சில நாள் கத்தினாலும் பதற்றம் குறைவாகவே இருக்கும்.

மழை நன்றாகப் பெய்து, 6 மதிப்பெண்ணில் நிற்கும் நடுவயதுப் பசுவின் கன்றை அவசரமாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தானும் வளர்ந்துகொண்டு கன்றையும் ஊட்டும் தலையீற்றுப் பசுக்களுக்கும், விலா தெரியும் கிழட்டுப் பசுக்களுக்கும் முதலில் செய்துவிட்டு, மற்றவற்றைப் புல்லின் நிலையைப் பார்த்து முடிவு செய்யலாம்.