நான்கு முழம் தள்ளி

அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்பக்கம் ஒரு சாணைக்கல் இருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைப்பார். மிஷின் வாங்கிய பிறகும் விலை கூடிய லென்ஸ் வந்தால் கல்லுக்குத்தான் போவார். "அதுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாதுடா" என்பார்.

போன வாரம், லென்ஸ் தேய்க்கவும் செய்த பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவின் கடிதம் ஒன்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1665-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஓல்டன்பர்க்குக்கு எழுதியது. லென்ஸ் தேய்க்க டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஒரு இயந்திரம் செய்திருக்கிறார். சனியின் வளையத்தை உலகுக்கு விளக்கிய அதே ஹைகன்ஸ்தான். ஆனால் ஸ்பினோசா மசியவில்லை. கோள வளைவுள்ள தட்டில் வெறும் கையால் மெருகேற்றுவதுதான் எந்த இயந்திரத்தையும்விட நன்றாக வருகிறது, அனுபவத்தில் கண்டது என்கிறார். அப்பாவேதான்! ஹைகன்ஸும் தன் அண்ணனுக்கு எழுதும்போது ஸ்பினோசாவின் லென்ஸ்களைப் புகழ்ந்திருக்கிறார்.

கல்லூரியில் ஸ்பினோசா என்றால் 'கடவுளும் இயற்கையும் ஒன்று' என்ற ஒற்றை வரிதான். அந்தக் கைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1656 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் யூத சபை அவரை விலக்கி வைத்தபோது வயது 23. யாரும் பேசக் கூடாது, ஒரே கூரையின்கீழ் தங்கக் கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக் கூடாது, எழுதியதைப் படிக்கவும் கூடாது. நம் ஊரில் ஊர்விலக்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லென்ஸை மட்டும் நம்பி வாழ்ந்தார் என்றும் சொல்ல முடியாது, நண்பர்கள் உதவினார்கள். ஆண்டுக்கு 500 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) தர வந்தபோது 300 போதும் என்றாராம்.

1673-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தருவதாக அழைத்தது. சிந்திக்க முழுச் சுதந்திரம் உண்டு, ஆனால் நாட்டின் மதத்தைக் குலைக்க அதைப் பயன்படுத்த மாட்டீர்கள் என்று நம்புகிறோம் என்றது கடிதம். அந்தச் சுதந்திரத்தை எந்த எல்லையோடு நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லையே என்று பதில் எழுதி மறுத்துவிட்டார். மூன்று வருடம் முன்புதான் பெயர் போடாமல், ஹாம்பர்க்கில் அச்சானது என்று பொய் முகவரியோடு ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். அந்த ஆளுக்கு எல்லை தெரியாமலா இருந்திருக்கும்!

1677 பிப்ரவரியில் 44 வயதில் நுரையீரல் நோயால் இறந்தார். கண்ணாடித் தூளும் சேர்ந்து கெடுத்திருக்கலாம் என்கிறார்கள். அப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. ஹேக் நகரில் அவர் குடியிருந்த வீட்டுக்காரர் ஓர் ஓவியர். ஸ்பினோசா சொல்லி வைத்திருந்தபடியே, அவர் எழுதும் மேசையைப் பூட்டியபடி படகில் ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளருக்கு அனுப்பி வைத்தார். அவருடைய முக்கிய நூலான 'எத்திக்ஸ்' கையெழுத்துப் பிரதி அதற்குள் இருந்தது. லென்ஸ் தேய்க்கும் சாமான்களை ஏலத்தில் விற்றார்கள்.